சார் கட்டாத தேங்காய்

அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்களை இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். சார். திருவள்ளூரிலிருந்து வந்திருந்த சாருடைய தங்கை. மாடிப் போர்ஷனில் குடியிருந்த பேங்க்காரர். அவர் மனைவி. அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்கா. நான். ஐஸ் பெட்டிக்குள் சாருடைய மனைவி. அந்தத் தெருவுக்கே அவர் டீச்சர். டீச்சரையும் சேர்த்தால் ஏழு பேர். வாசலில் ஷாமியானாவுக்கு அடியில் உட்கார்ந்திருந்தவர்களை நான் எண்ணவில்லை, அவர்கள் வந்தார்கள், போனார்கள். இன்னொரு உயிரையும் அன்று நான் எண்ணவில்லை. அது அனகாபுத்தூரில் எங்கள் வீட்டில், என் மனைவியின் வயிற்றில் ஆறு மாதமாக இருந்தது.

அப்போது கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வாடகைக் கடையில் வேலை பார்த்தேன். பந்தல் சாமான், பிளாஸ்டிக் சேர், சமையல் பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுகிற கடை. எங்கள் பக்கத்து காலனிகளில் பிள்ளைகள் வரிசையாக வெளிநாடு போய்க்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் வந்து முகம் பார்க்கும்வரை உடம்பு கெடாமல் இருக்க வேண்டுமே என்று எங்கள் முதலாளி ஒரு ஐஸ் பெட்டி வாங்கிப் போட்டார். வாங்கின நாளிலிருந்து சேருக்கு வந்த போனைவிடப் பெட்டிக்கு வந்த போன்தான் அதிகம். பெட்டியோடு லோடு ஆட்டோவில் போவது, பிளக்கை மாட்டுவது, எடுக்கும்வரை பக்கத்திலேயே இருப்பது, திரும்பக் கொண்டுவந்து கழுவி வைப்பது, இதெல்லாம் என் வேலை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அது நல்ல சம்பளம். நான் சின்ன வயதிலிருந்தே எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள். கதவைப் பூட்டினேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருவேன். அதற்காகவே முதலாளி என்னைப் பிடித்துப் போட்டார். "இவன் பயந்தாங்கொள்ளி. பத்து நிமிசத்துக்கு ஒரு வாட்டி பிளக்கைத் தொட்டுப் பாத்துகினே இருப்பான். பொட்டி பத்திரமா இருக்கும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

என் பயம் பெட்டியில் இல்லை, வீட்டில் இருந்தது. எங்கள் வீட்டில் ஒருத்தி உண்டாகியிருந்தால் அவள் புருஷன் சாவு வீட்டுப் படி ஏறக்கூடாது, பாடைக்குத் தோள் கொடுக்கக்கூடாது. எங்கள் அம்மா இதில் ரொம்பக் கறார். என் சித்தப்பா இறந்தபோது எங்கள் அண்ணியின் வயிற்றில் பிள்ளை இருந்தது என்பதற்காக அண்ணனைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டவள். அப்படிப்பட்ட அம்மாவிடம் நான் ஐஸ் பெட்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை. பந்தல் வேலை, கல்யாண வேலை என்றுதான் சொல்லியிருந்தேன். சாயங்காலம் அம்மா, "இன்னிக்கு சாப்பாட்டுல இன்னாடா போட்டாங்கோ?" என்று கேட்பாள். அதற்காகவே கல்யாணச் சாப்பாட்டு வரிசையை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒரு நாள் சொன்ன பாயசத்தை மறுநாள் சொல்லமாட்டேன். சாவு வீட்டில் ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டு வந்து, சேமியாவா ஜவ்வரிசியா என்று யோசித்துக்கொண்டு வாசலில் நின்ற நாட்கள் எத்தனையோ. இதையெல்லாம் எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

டீச்சர் ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலையில் இறந்தார். ராஜகீழ்ப்பாக்கத்தில் சாலையை ஒட்டி உள்ளே போகிற காலனியில் வீடு. ஒரே மகன் வெளிநாட்டில். சனிக்கிழமை மதியம் மீனம்பாக்கத்தில் இறங்குவான், மூன்று மணிக்கு எடுத்துவிடலாம் என்று முடிவானது. சித்திரை மாதம், முறை வைத்து கரண்ட் நிறுத்திக்கொண்டிருந்த வருடம். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மின்விசிறி நின்றது. பெட்டியின் உறுமலும் நின்றது. மூடியைத் திறக்காமல் இருந்தால் இரண்டு மணி நேரம் தாங்கும். ஆளாளுக்குத் திறந்தால் தாங்காது. கண்ணாடியின் உட்பக்கம் நீர் கோத்துக்கொண்டு டீச்சரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. நான் மூடிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரத்தில்தான் சாருடைய தங்கை பேச்சை ஆரம்பித்தார். "அண்ணா, இன்னைக்கு சனிக்கிழமை. சனிக்கிழமை எடுக்கறதுன்னா கூட ஏதாவது கட்டி விடணும். கோழி கட்டுவாங்க. நமக்கு அது வேண்டாம், ஒரு தேங்காயாவது கட்டிடலாம்."

சனிக்கிழமை போகிற பிணம் துணைக்கு ஆள் கேட்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. அந்த ஆளுக்குப் பதிலாகத்தான் கோழியோ தேங்காயோ.

"ஒரு முட்டைகூட போதும்னு சொல்லுவாங்க சார்" என்றார் பேங்க்காரர்.

"எங்க வீட்ல முட்டையா?" என்று தங்கை பதறினார்.

சார் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். ஆபீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒல்லி, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. மனைவி செத்த அன்றும் இரண்டு பேனா இருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். "முப்பது வருஷம் சயின்ஸ் எடுத்தவம்மா அவ. சகுனம், சனிப் பொணம், எல்லாம் மூடநம்பிக்கைன்னு போர்டுல எழுதிப் போட்டு மார்க் குடுத்தவ. அவ பாடையில நான் தேங்காய் கட்டி அனுப்பினா, அவ பாடம் நடத்தினதெல்லாம் பொய்னு நானே ஊருக்குச் சொல்ற மாதிரி. முடியாது" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

பாத்திரம் தேய்க்கும் அக்கா மெல்ல என் பக்கம் வந்தது. முந்தின நாள் பேச்சுவாக்கில் என் மனைவியைப் பற்றிச் சொல்லியிருந்தேன். "உம் பொண்டாட்டிக்கு எத்தினி மாசம்னு சொன்ன?"

"ஆறு, அக்கா."

"வயித்துல புள்ளய வெச்சிகினு நீ இன்னாத்துக்கு இங்க நிக்கிற? அந்த மன்சன் தேங்கா கூட கட்ட மாட்டேன்றாரு. வெளிய போய் நில்லு, போ."

போயிருக்கலாம். ஆனால் கரண்ட் இல்லாத பெட்டியை விட்டுவிட்டு எப்படிப் போவது? யாராவது பாசத்தில் மூடியைத் தூக்கிவிடுவார்கள். மகன் வந்து பார்க்கும்போது அம்மா முகம் முகமாக இருக்க வேண்டும். அங்கேயே நின்றேன். இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது, இரண்டரைக்கு மகன் வந்தான். பெட்டியிலிருந்து பாடைக்கு மாற்றும்போது சார், மகன், பேங்க்காரர் மூன்று பேர்தான் கூடத்தில் கை கொடுக்க இருந்தார்கள், தலைப்பக்கம் ஆள் இல்லை. சார் என்னைப் பார்த்தார். "கொஞ்சம் பிடிப்பா" என்றார். பிடித்தேன். டீச்சரின் தலை என் இரண்டு உள்ளங்கையிலும் இருந்தது. அந்தக் குளிர்ச்சி முழங்கை வரைக்கும் ஏறியது. தேங்காய் கட்டாமலே பாடை தெருவைத் தாண்டிப் போனது. நான் தெருக் குழாயில் மூன்று முறை கையைக் கழுவினேன். வீட்டுக்குப் போய் கட்சிக் கூட்டத்துக்குச் சேர் போட்டோம் என்றேன். "பிரியாணி குடுத்தாங்களா?" என்று அம்மா கேட்டாள். குடுத்தாங்க என்றேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் எனக்கு நல்லதாக எதுவுமே கண்ணில் படவில்லை. பல்லி கத்தினால் நின்றுவிடுவேன். மனைவி தூக்கத்தில் புரண்டால் எழுந்து உட்கார்ந்து அவள் வயிற்றையே பார்ப்பேன். "இன்னா அப்டி பாக்கற?" என்பாள். ஒன்றுமில்லை என்பேன். ஐந்து வாரம் கழித்து ஒரு காலையில் அவளே வந்து, "நேத்துலேர்ந்து அசையவே இல்ல" என்றாள். அரசு ஆஸ்பத்திரியில் வயிற்றில் இரண்டு இடத்தில் கருவியை வைத்துக் கேட்டார்கள். பிறகு ஒரு நர்ஸ் வந்து என் தோளைத் தொட்டார். தொட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் சாவு வீடுகளில் நானும் அப்படித்தான் தொடுவேன். பையன். எத்தனையோ பேர் வீட்டு உடம்பைத் தூக்கியவன், அந்தத் துணிச் சுருளைத் தூக்க முடியாமல் ஆற்றோரச் சுடுகாட்டுக்குப் போகிற வழியில் இரண்டு முறை உட்கார்ந்துவிட்டேன். அண்ணன்தான் வாங்கிக்கொண்டு நடந்தார்.

வீட்டில் அம்மா காரணம் தேட ஆரம்பித்தாள். தேடினால் கிடைக்காமல் இருக்குமா? மனைவி உச்சி வெயிலில் ரேஷன் கடைக்குப் போனாள். குடத்தை இடுப்பில் தூக்கினாள். கிரகணத்தன்று அரிவாள்மனையைத் தொட்டாள். "சொன்ன பேச்சைக் கேட்டாளா? எங்கியோ எதயோ மெதிச்சிகினு வந்துகீறா" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்வாள். அம்மா கெட்டவள் இல்லை. பம்மலில் தோல் கம்பெனியில் கை வெந்து எங்களை வளர்த்தவள். பேரனுக்காகப் பழைய புடவைகளைக் கிழித்து மடித்து வைத்திருந்தாள். அந்தத் துணியடுக்கைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு யாரையாவது ஏச வேண்டியிருந்தது. என் மனைவி முதலில் பேச்சை நிறுத்தினாள், பிறகு சாப்பாட்டை. தண்ணீர் டிரம் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். நான் வேலைக்குக் கிளம்பிப் பல்லாவரம் வரைக்கும் போய், ஏதோ தோன்றி, அங்கிருந்தே திரும்பி ஓடி வருவேன். அவள் அதே இடத்தில் இருப்பாள். அப்படி எத்தனை நாள் அவள் அங்கே இருப்பாள் என்று பயமாக இருக்கும். ஒரே ஒரு வார்த்தை, நான்தான் அந்தச் சனிக்கிழமை பிணத்தைத் தொட்டேன் என்று சொல்லியிருந்தால் அம்மாவின் வாய் அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பியிருக்கும். அந்த வார்த்தை வரவில்லை. பயந்தவனின் பயம் மற்றவர்களைத்தான் முதலில் கடிக்கும் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

பழி போட எனக்கு வேறு ஒரு ஆள் தேவைப்பட்டார். ஒரு நாள் காலை பத்து மணிக்கு ராஜகீழ்ப்பாக்கம் போய் சார் வீட்டுக் கேட்டைத் தட்டினேன். மகன் திரும்பிப் போய்விட்டிருந்தான். சார் லுங்கியோடு வந்து என்னைப் பார்த்தார். "என்னப்பா, பெட்டிக்கு ஆள் தேடி வந்தியா? நான் இன்னும் ரெடி ஆகலையே" என்றார்.

நான் சிரிக்கவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "ஒரு தேங்கா கட்டியிருந்தா எம் புள்ள இருந்திருக்கும் சார்! ஒரே ஒரு தேங்கா! உங்க வூட்டு சாவு எங்க வூட்டுக்கு வந்துட்ச்சி!" எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார். சார் அவரைக் கையைக் காட்டி உள்ளே போகச் சொன்னார். என்னைத் தெருவில் நிற்க விடாமல் உள்ளே அழைத்து நாற்காலியில் உட்காரவைத்தார். மூடநம்பிக்கை என்று அவர் பாடம் எடுப்பார், பதிலுக்கு இன்னும் கத்தலாம் என்று காத்திருந்தேன். அவர் எடுக்கவில்லை. எத்தனை மாதம், பையனா பெண்ணா, எங்கே புதைத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அதுவரை ஒருத்தரும் என்னிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.

பிறகு, "வீட்ல யாரைக் குத்தம் சொல்றாங்க?" என்றார்.

"அவளத்தான்."

"அன்னைக்கு நீ இங்க இருந்தது உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

நான் தரையைப் பார்த்தேன். உள்ளே குக்கர் விசில் அடித்து, யாரும் போய் அணைக்காததால் அடித்துக்கொண்டே இருந்தது. சார் எழுந்து போய் அணைத்துவிட்டு சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "சரி. தேங்காய்ப் பழி என் பேர்லயே இருக்கட்டும். வா, வண்டியில ஏறு."

பழைய ஸ்கூட்டர். தாம்பரம், பல்லாவரம், பம்மல் என்று அந்த வெயிலில் வழியெல்லாம் எனக்கு ஒரே கவலை. இவர் அம்மாவிடம் அறிவியல் பேசுவார், அம்மா விளக்குமாற்றை எடுப்பாள். எங்கள் சந்துக்குள் வண்டி நுழையாது, முனையில் நிறுத்திவிட்டு நடந்தோம். அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே டிரம் பக்கத்தில் மனைவியின் முதுகு தெரிந்தது. சார் செருப்பைக் கழற்றினார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மா, என் சம்சாரம் ரெண்டு மாசம் முன்னாடி தவறிட்டா. சனிக்கிழமை எடுத்தோம். தேங்காய் கட்டணும்னு எல்லாரும் சொன்னாங்க. நான்தான் கேக்கல. படிச்ச திமிரு. உங்க பையன் அன்னைக்கு எங்க வீட்ல இருந்தான். இது உங்க மருமகளால வந்தது இல்ல. என்னால வந்தது. என் தப்பு."

மனைவியின் பிணம் கூடத்தில் கிடந்தபோதுகூட அவர் விட்டுக்கொடுக்காததை, முன்பின் தெரியாத ஒரு சந்தில், முறத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு பொம்பளை முன்னால் விட்டுக்கொடுத்தார். அவர் அதில் ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "படிச்ச மன்சன். ஒரு தேங்கா இன்னா வெல வித்துதுயா அன்னிக்கு?" என்றாள். சார் தலையைக் குனிந்தார். பிறகு அம்மாவுக்கு வேறொன்று உறைத்தது. "ஆமா, இவன் இன்னாத்துக்கு உங்க வூட்டுக்கு வந்தான்? பந்தல் போடவா?"

சார் வாய் திறக்கப் போனார். அதையும் அவரே சொல்லிவிடுவார், நான் சும்மா நின்றால் போதும் என்று தோன்றியது. அந்த ஒரு நொடியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசும். அவருக்கு முன்னால் நான் சொன்னேன். "பந்தல் இல்லம்மா. பொணம் வெக்கிற ஐஸ் பொட்டி. ஒரு வருசமா அந்த வேலதான் பாக்கறேன். அந்தம்மா தலைய நான்தான் புடிச்சி எறக்கினேன்."

அம்மா முறத்தாலேயே என்னை அடித்தாள். அரிசி சந்தெல்லாம் சிதறியது. இரண்டாவது அடிக்குக் கை ஓங்கும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. பத்து நாளாகப் பேசாத குரல் கரகரவென்று இருந்தது.

"வுடு அத்தே. எனுக்குத் தெரியும்."

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். "மூணாவது மாசமே பாத்தேன். ஸ்கேனுக்குத் தாம்பரம் போனப்போ, மார்க்கெட்டாண்ட. லோடு ஆட்டோ பின்னால பொட்டி மேல கைய வெச்சிகினு குந்திகினு போய்கினு இருந்தாரு. வுழுந்துடப் போதுன்னு புடிச்சிகினு. சொன்னா நீ வேலைய வுடச் சொல்லுவே. அந்த வேலயிலதான இந்த அரிசி வந்துது?" என்று சொல்லிக் கீழே குந்தி, சிதறின அரிசியைப் பொறுக்க ஆரம்பித்தாள். சார் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினார். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவும். நான் நின்றுகொண்டே இருந்தேன். "மரம் மாதிரி நிக்கிற பாரு" என்று அம்மா ஏசினாள். அன்று மதியம் மனைவி அரைத் தட்டு சோறு சாப்பிட்டாள். சார் வாசலில் உட்கார்ந்து எங்கள் வீட்டு ரசத்தைக் குடித்தார். சந்து முனையில் வண்டியை உதைக்கும்போது, "டீச்சர் இருந்திருந்தா என்னை கிளாஸை விட்டு வெளியே நிக்க வச்சிருப்பா" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், முகம் ஒத்துழைக்கவில்லை.

தேங்காய் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சார் மாதிரி எனக்குத் துணிவு கிடையாது. ஆனால் ஒன்று தெரியும். அந்தப் பெட்டியை இரண்டு பேர் தூக்கினால் ஒருவன் இடுப்பு போய்விடும், நாலு மூலைக்கும் ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு சாவை ஒருத்தி மட்டும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சம்பந்தமே இல்லாத ஒரு மனிதர் வந்து ஒரு மூலையைப் பிடித்தார், அதன் பிறகுதான் எங்களுக்கும் பிடிக்கத் தோன்றியது. துக்கம் குறைந்ததா என்று கேட்டால் இல்லை. அடுத்த அடி வைக்க முடிந்தது, அவ்வளவுதான். சார் நாலு வருடம் கழித்துப் போனார். பெட்டியை நான்தான் கொண்டுபோனேன். அது செவ்வாய்க்கிழமை, யாரும் எதையும் கட்டச் சொல்லவில்லை.

வேலையை விடச் சொல்லி அம்மா சில நாள் சண்டை போட்டாள். வேறு வேலை கிடைக்காததால் அவளே ஒரு முறையை வைத்துக்கொண்டாள். சாயங்காலம் வாசலில் மஞ்சள் தண்ணீரோடு நிற்பாள். நான் கை கால் கழுவி முடிப்பதற்குள், "இன்னிக்கு யாரு?" என்று கேட்பாள். யார், என்ன வயது, எப்படிப் போனார், பிள்ளைகள் வந்தார்களா என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கூடுவாஞ்சேரி வரைக்கும் செத்தவர்களின் சங்கதி அம்மாவுக்கு அத்துப்படி ஆனது. சிலருக்காக அழுவாள். சிலரைத் திட்டுவாள். பாயசத்தைப் பற்றி அதற்கப்புறம் அவள் கேட்டதே இல்லை.

மனைவி மறுபடி உண்டானபோது அந்தக் கேள்வி நிற்கும் என்று நினைத்தேன், நிற்கவில்லை. ஒவ்வொரு மாதமும் எனக்கு ஒரு யுகம். ஒன்பதாவது மாதத்தில் ஒரு நாள், பெட்டியோடு ஒரு வீட்டில் இருக்கும்போது அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டதாகப் போன் வந்தது. எடுத்து முடித்து, பெட்டியைக் கடையில் இறக்கி, பஸ் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. வார்டுக்கு வெளியே பெஞ்சில் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் பத்தடி தள்ளியே நின்றுவிட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னிக்கு யாரு?"

"ஒரு பெரியவரும்மா. தொண்ணூறு வயசு. தூக்கத்துலயே பூட்டாராம்."

"நல்ல சாவு" என்றாள் அம்மா. "போய் கையக் கழுவிகினு உள்ள போ. பொண்ணு பொறந்துகீது."